நிலைக்கட்டணம் – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

காலநிலை, எரிசக்தி சார்ந்து இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் கோவை மண்டல அலுவலகப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. தலைமை அலுவலகம் டெல்லியில். என்னோடு நான்கு பேர். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி எங்கள் எல்லை. முதல் ஆண்டுக்குப் பன்னிரண்டு கருத்தரங்குகள், நாற்பது கல்லூரிகளில் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் என்று திட்டம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அலுவலகத்தை ஆர்.எஸ்.புரத்தில் வைப்பதா, காந்திபுரத்திலா? பத்திரிகைகளில் செய்தி வர என்ன வழி? வெளிநாட்டு நிதியில் எதில் கவனம் வேண்டும்? இங்குள்ள மக்களுக்குக் காலநிலை பற்றிப் புரிதலே இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று மலைப்பாக இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகன், கோவை

அன்புள்ள தம்பி,

மலைப்பாக இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்தது. இப்போது நடைமுறையில் உள்ள மின்கட்டண ஆணையின் காலம் 2026-27 உடன் முடிகிறது. அடுத்த காலகட்டத்துக்கான கட்டணத்துக்கு மின்வாரியம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் புது மனு போட்டாக வேண்டும். அதை எதிர்கொள்ளக் கொங்குப் பக்கத்தில் யார் தயாராக இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

அலுவலகம் எங்கே என்பதை விடுங்கள். சோமனூர்க்காரரும் பல்லடத்துக்காரரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்க முடிந்தால் போதும். பத்திரிகையும் அப்படித்தான். கணக்கோடு கூடிய ஒரு மனுவின் நகலை, ஆணையத்தில் கொடுத்த அன்றே நிருபர் கையில் கொடுங்கள், செய்தி வரும்.

வெளிநாட்டு நிதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை இருந்தது. வாடகை, அலுவலகச் செலவு, நிர்வாகிகளின் சம்பளம் எல்லாம் அந்த 20-க்குள் வரும். எனவே பெரிய கட்டடம் பிடிக்காதீர்கள். பணம் டெல்லி பாராளுமன்ற வீதி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வரவேண்டும். அங்கிருந்து உங்கள் ஊர்க் கணக்குக்கு மாற்றிச் செலவிடலாம். வேறு அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றிவிட முடியாது. உள்ளூர்ச் சங்கத்துக்கு நிதி தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்கிற மண்டலப் பொறுப்பாளர்கள் உண்டு. கூட்டத்துக்கு வேன் பிடித்தால் வேன்காரரிடம் ரசீது வாங்கி நீங்களே நேராகக் கொடுங்கள்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "இங்குள்ள மக்களுக்குப் புரிதலே இல்லை." இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 1970-இல் பெருமாநல்லூரில் மின்கட்டணப் போராட்டத்தில் மூன்று விவசாயிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த ஊர் உங்கள் எல்லைக்குள் இருக்கிறது. 2022 மின்கட்டண ஆணையில் எல்டி இணைப்பு, அதாவது தாழ்வழுத்த இணைப்பு உள்ள சிறுதொழில்களுக்கும் பீக் அவர் கட்டணம், அதாவது மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கான கட்டணம் வந்தது, 25 சதவீதம் கூடுதல். 2023 செப்டம்பரில் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைத்தன. அந்த ஆண்டே அது 15 சதவீதமாகக் குறைந்தது. லேத் பட்டறைக்காரருக்குச் சாயங்கால மின்சாரம் ஏன் விலை கூடுகிறது என்று தெரியும். சூரியன் இறங்கிய பிறகு யார் மின்சாரம் தருவது என்பதுதான் இன்று காலநிலைத் துறையின் பெரிய கேள்வி. அவர் அதைப் பில்லில் பார்க்கிறார், நீங்கள் ஆய்வறிக்கையில் பார்க்கிறீர்கள். விழிப்புணர்வு தேவைப்படுவது யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

பன்னிரண்டு கருத்தரங்குகளில் பத்தை வெட்டிவிடுங்கள். டெல்லி கோபித்தால் கோபிக்கட்டும். தமிழ்நாட்டில் நிலக்கரி எவ்வளவு எரியும் என்று முடிவாகிற இடம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மின் கொள்முதல் ஒப்பந்தங்களை அங்கீகரிப்பதும் அதற்கு என்ன விலை என்று பார்ப்பதும் 2003 மின்சாரச் சட்டத்தின் 86-ஆம் பிரிவின்படி அதன் வேலை. கட்டண மனு வந்தால் பொதுமக்களின் ஆட்சேபனைகளைப் பரிசீலித்துத்தான் ஆணை போட வேண்டும் என்பது 64-ஆம் பிரிவு. அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. காலநிலைக்காரர்கள்தான் அதிகம் நுழைவதில்லை.

மனுவில் எதைப் படிப்பது? மின்கொள்முதல் அட்டவணையை முதலில் எடுங்கள். ஒவ்வொரு அனல்மின் நிலையத்துக்கும் நிலைக்கட்டணம், எரிபொருள் கட்டணம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். நிலைக்கட்டணம் என்பது அந்த ஆலை தயாராக நிற்பதற்குத் தருகிற பணம். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தரவேண்டும். ஆண்டில் 85 சதவீதம் தயார்நிலையைக் காட்டிவிட்டால் நிலைக்கட்டணம் முழுதும் ஆலைக்குப் போய்விடும், பொதுவாக ஒப்பந்தம் அப்படித்தான் இருக்கும்.

பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 100 மெகாவாட் ஒப்பந்தம். ஆண்டுக்கு 8,760 மணிநேரம், 85 சதவீதம் என்றால் 74.46 கோடி யூனிட். நிலைக்கட்டணம் யூனிட்டுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 148.92 கோடி ரூபாய். காற்று சீசனில் காத்தாடிகள், அதாவது காற்றாலைகள், ஓடுகின்றன, பகலில் சோலார் வருகிறது. அதனால் அந்த ஆலையின் முழுத் திறனில் பாதிதான் எடுக்கிறார்கள். அப்போது வருவது 43.8 கோடி யூனிட். பணம் அதே 148.92 கோடி. யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் மட்டும் 3 ரூபாய் 40 காசு ஆகிவிட்டது. இதன்மேல் நிலக்கரி விலை தனி. அந்த வித்தியாசம்தான் விசைத்தறிக்காரர் பில்லுக்கும் பட்டறைக்காரர் பில்லுக்கும் வந்து சேருகிறது. இருபத்தைந்து ஆண்டுக்கு இப்படி இன்னொரு ஒப்பந்தம் போடலாமா என்று கேட்பதைவிடக் கூர்மையான காலநிலைக் கேள்வி உங்கள் மண்டலத்தில் கிடையாது.

இது ஆகிற காரியமா என்று சந்தேகப்படாதீர்கள். 1990-களில் மகாராஷ்டிரத்தில் அமெரிக்க நிறுவனமான என்ரானின் தாபோல் மின்நிலைய ஒப்பந்தத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டுக் காட்டியது புணேயின் பிரயாஸ் என்கிற சிறிய குழு. அந்த மாநில மின்வாரியத்தால் அந்த விலையைத் தாங்க முடியாது என்று அவர்கள் சொன்னார்கள். 2001-இல் வாரியம் அங்கிருந்து வாங்குவதை நிறுத்தியது.

எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்கிறேன். முதலாவது நேரம். 2022-இல் ஜூலையில் மனு வந்தது, ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம், செப்டம்பர் 9-இல் ஆணை, 10-இல் அமல். மனு வந்தபிறகு படிக்க ஆரம்பிப்பவர் கூட்டத்துக்கு வெறுங்கையோடுதான் போவார். இப்போதே முந்தைய ஆணையை அச்செடுத்து, அதில் மதிப்பிட்ட தொகைக்கும் பின்னால் உண்மையில் செலவானதற்கும் உள்ள வித்தியாசத்தை வரிசையாக ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான்கு பேரில் ஒருவருக்கு இது மட்டுமே வேலையாக இருக்கட்டும். தென்மாநிலங்களின் மின் வரத்தையும் தேவையையும் சமன்செய்கிற பெங்களூரு தென்மண்டல மின்சுமை மையத்தின் தினசரி அறிக்கையிலிருந்து காற்று, சோலார், அனல், அன்றைய உச்சத் தேவை ஆகியவற்றை அவரே நாள்தோறும் எக்செல்லில் ஏற்றட்டும். மே முதல் செப்டம்பர் வரை ஒரு நாள்கூட விடக்கூடாது. காத்தாடியை நிறுத்தச் சொன்ன நாளில் அனல்மின் எவ்வளவு ஓடியது என்பது அந்தத் தாளில்தான் தெரியும்.

அடுத்தது வேண்டுதல், அதாவது ஆணையத்திடம் என்ன உத்தரவு கேட்கிறோம் என்று மனுவில் எழுதுகிற பகுதி. "கட்டணத்தை உயர்த்தாதீர்கள்" என்று எழுதினால் ஆணையில் ஒரே வரியில் பதில் வரும். "இன்ன பக்கத்து அட்டவணையில் இன்ன ஆலைக்கான நிலைக்கட்டணத்தில் எடுக்கப்படாத மின்சாரத்துக்கான தொகையைத் தனியே காட்ட உத்தரவிட வேண்டும், அதுவரை புதிய ஒப்பந்தத்தை அனுமதிக்கக் கூடாது" என்று எழுதினால் அதற்குத் தனியே பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலில்தான் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான பிடி கிடைக்கும். எழுத்தில் கொடுக்காததைக் கூட்டத்தில் பேசிப் பயனில்லை. கூட்டத்தில் கிடைப்பது சில நிமிடங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பேசுங்கள். பேசுகிறவர் நீங்களாக இருக்க வேண்டாம். விசைத்தறிக்காரரும் பட்டறைக்காரரும் தங்கள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும். முந்தைய வாரம் அவர்களோடு உட்கார்ந்து கணக்கைப் பழக்குவதுதான் உங்கள் வேலை.

தகவல் உரிமை மனுவை நிறுவனத்தின் பெயரில் போடாதீர்கள். அந்த உரிமை குடிமக்களுக்குத்தான், நிறுவனப் பெயரில் போட்டால் அதையே காரணம் காட்டித் திருப்புவார்கள். உங்கள் பெயரில் போடுங்கள். 2024-இல் மின்வாரியம் உற்பத்தி, பகிர்மானம், பசுமை எரிசக்தி என்று பிரிந்துவிட்டதால் எந்தக் கழகத்தில் கோப்பு இருக்கிறதென்று முதலில் விசாரியுங்கள். தவறான இடத்துக்குப் போனால் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள்.

பம்புசெட் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இலவச மின்சாரத்தை மீட்டர் இல்லாமல் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடு கூடினால் கம்பி இழப்பு குறைந்ததுபோல் தெரியும். உண்மைதான். அதற்காக விவசாயியின் பம்புசெட்டில் மீட்டர் வைக்கச் சொல்லி ஆணையத்தில் எழுதிவிட்டால் அதன்பிறகு அவிநாசிப் பக்கம் எந்த ஊரிலும் உங்களுக்கு நாற்காலி போட மாட்டார்கள். டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வைத்து அந்த அளவை வெளியிடச் சொல்லுங்கள். கணக்கும் கிடைக்கும், விவசாயியும் கூட நிற்பார்.

சாயங்கால மின்சாரத்துக்கு என்ன செய்வது என்று கூட்டத்தில் உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். பதில் கையில் இருக்கட்டும். உங்கள் மாவட்டத்திலேயே காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற நிலையம் அது. எந்த மணிநேரத்தில் அது எத்தனை யூனிட் தந்தது, பகல் சோலாரை வைத்துத் தண்ணீரை மேலேற்றினார்களா, இல்லையென்றால் ஏன் என்று கேட்டு முதல் தகவல் உரிமை மனுவைப் போடுங்கள். கடைசி மூன்று ஆண்டுக்கு, மாதவாரியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் ஆட்சேபனையின் வரைவை எழுதி, வேண்டுதல் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா