தீவுக்குப் போகும் மகளுக்கு என்ன கட்டிக் கொடுப்பது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகளும் மருமகனும் பாப்புவா நியூ கினியில் நியூ பிரிட்டன் தீவுக்கு மிஷன் பள்ளிக்கூட ஊழியத்துக்குப் போகிறார்கள். கடை பக்கத்தில் இல்லையாம், சாமான் வாங்கப் படகில்தான் போக வேண்டுமாம். ஒரு வருஷத்துக்கு வேண்டிய மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, வற்றல், உப்புக்கண்டம் எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா? மிக்ஸியும் குக்கரும் அங்கே ஓடுமா? மழைத் தண்ணீர் குடித்தால் ஒத்துக்கொள்ளுமா?"

முதலில் உப்புக்கண்டத்தை எடுத்து வெளியே வையுங்கள். இறைச்சி, பால் பொருள், முளைக்கிற விதை, செடி எதுவாக இருந்தாலும் அந்த நாட்டு விமான நிலையத்தில் தடை வரும். மற்ற சாப்பாட்டுச் சாமான்களையும் மறைக்காமல் படிவத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினால் அதிகம் போனால் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அபராதம் வரை போகும். கறிவேப்பிலைக் கன்று, முருங்கை விதை என்று ஆசைப்படவே வேண்டாம்.

ஒரு வருஷத்துப் பொடியை அரைத்து வைப்பது நம் ஊர் வெயிலை நம்பிச் செய்கிற காரியம். காரைக்குடிப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 900 மி.மீ. மழை, மிச்ச நாளெல்லாம் காயும் வெயில்தான். மொட்டை மாடியில் மிளகாயைப் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் உடைத்தால் சத்தம் வரும். நியூ பிரிட்டனில் வெயில் நம்மைவிடக் கடுமை இல்லை. ஆனால் காற்றில் ஈரம் ராத்திரி பகல் பாராமல் நிற்கும். தீவின் தென் கரையில் சில இடங்களில் வருஷ மழை 5,000 மி.மீ.யைத் தாண்டும். அதனால் மகள் போகிற ஊர் வட கரையா தென் கரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வட கரையில் பெருமழை டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. தென் கரையில் மே முதல் அக்டோபர் வரை.

இந்த ஈரத்தில் பொடி கட்டிபிடிக்கும், உப்பு கசியும், அப்பளம் தொய்யும். அதெல்லாம் சின்னத் தொல்லை. மிளகாயிலும் நிலக்கடலையிலும் பூசணம் பிடித்தால்தான் பெரிய தொல்லை. அதில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் அது முழுதாகப் போகாது. மக்கல் வாடை வந்த பொடியை 'வெயிலில் காட்டி எடுத்தால் சரியாகிவிடும்' என்று நாம் இங்கே சொல்வோம். அங்கே அதைக் கொட்டிவிட வேண்டும், அம்மா ஆசையாக அரைத்துக் கொடுத்தது என்றாலும்.

அதனால் பொடியாகக் கொடுப்பது முதல் இரண்டு மாதத்துக்குப் போதும். மிச்சத்தை முழு மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, பட்டை என்றே கொடுங்கள். முழுதாக இருப்பது ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும், மணமும் தங்கும். லேசாக வறுத்து ஆறவிட்டுச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். வறுத்தால் வண்டு முட்டை சாகும், விதையும் முளைக்காது. ஒரு பொட்டலத்தைத் திறந்தால் ஒரு வாரத்துக்கு அரைத்துக்கொள்ளட்டும். பெரிய டப்பா ஒன்றைத் தினமும் திறந்து மூடுவதுதான் பண்டத்தைக் கெடுக்கிறது. அரிசியை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே கிடைக்கும். புழுங்கலரிசி மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அங்கே தோட்டத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சேம்பு வகை, வாழை, தேங்காய் எல்லாம் உண்டு. 'ஐபிகா' என்றொரு கீரை, நம் வெண்டைக்குச் சொந்தம், கொஞ்சம் கொழகொழப்பு. புளியும் பூண்டும் விட்டுக் கடைந்தால் நன்றாகவே இருக்கும். டின் மீனுக்கு 'டின்பிஸ்' என்று பெயர். அது ஏற்கெனவே வெந்த மீன். குழம்பு சுண்டிய பிறகு கடைசியில் போட்டு இறக்கினால் போதும், இல்லாவிட்டால் கரைந்துவிடும். இட்லி மாவு அந்தச் சூட்டில் சீக்கிரம் பொங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு வேளைக்கு மட்டும் ஆட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

மிக்ஸி ஓடும். அங்கே மின்சாரம் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்முடையதை ஒட்டியதுதான். பிளக் மட்டும் ஆஸ்திரேலியா வகை, சாய்ந்த இரண்டு தட்டை முனையும் நேராக ஒன்றும் இருக்கும். அந்த அடாப்டரை இங்கேயே வாங்கிக் கொடுங்கள். மிஷன் வீட்டில் சோலார் மட்டும்தான் என்றால் கணக்கு வேறு. 750 வாட் மிக்ஸி கிளம்பும்போது அதைப்போல் சில மடங்கு மின்சாரத்தை இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது. 'ப்யூர் சைன் வேவ்' இன்வெர்ட்டரா (வீட்டு மின்சாரம் போலவே சீராகக் கொடுக்கும் வகை), எத்தனை வாட் என்று மருமகன் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். அதுவரை சின்ன இடிகல் ஒன்று கைகொடுக்கும். குக்கருக்கு ரப்பர் வளையமும் சேஃப்டி வால்வும் கூடுதலாக மூன்று நான்கு செட் வையுங்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் குக்கர் கிடைத்தாலும் அந்த மாடலுக்கு வளையம் கிடைக்காது.

மழைத் தண்ணீர் விஷயத்தில் செட்டிநாட்டுக்காரர் பயப்படலாமா? நம் வளவு வீடுகளில் ஓட்டுச் சரிவில் இறங்கும் மழையை முற்றத்தில் கிடாரம் வைத்துப் பிடித்த ஊர் இது. அங்கே தகரக் கூரையும் தொட்டியும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 1,500 லிட்டர், சிந்தியது போக 1,200 வரும். இரண்டு பேருமாக ஒரு நாளைக்கு 80 லிட்டர் செலவழித்தால் 5,000 லிட்டர் தொட்டி இரண்டு மாதம் தாங்கும். தொட்டியைத் தட்டிப் பார்த்து மட்டம் தெரிந்து வைத்துக்கொள்வது அங்கே தினசரி வேலை.

மழை தொடங்கியதும் முதலில் வரும் தண்ணீரைத் தொட்டிக்குள் விடக்கூடாது. பல்லி, பறவை எச்சம், இலை எல்லாம் அதில்தான் வரும். தொட்டி வாய்க்குச் சன்ன வலை கட்டாயம், இல்லாவிட்டால் கொசுப் பண்ணை ஆகிவிடும். குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஈரக்காற்றில் ப்ளீச்சிங் பவுடரும் வீரியம் இழக்கும், ஆகவே கொதிக்க வைப்பதை விடக்கூடாது. போகிற இடம் ரபாவுல் பக்கம் என்றால் இன்னொன்று. 1994-இல் அந்த ஊரையே சாம்பலில் மூடிய எரிமலை அங்கே உண்டு. சாம்பல் விழும் நாளில் கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிட்டு, கூரையைக் கழுவிய பிறகே மாட்ட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: மிஷன் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். கிழங்கு கொண்டுவருவார்கள், உப்போ சோப்போ கேட்பார்கள், சும்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். வேண்டாம் என்று கதவைச் சாத்தினால் ஊழியம் அங்கேயே நின்றுவிடும். வீட்டு முன் தாழ்வாரத்தில் நீள பெஞ்சு ஒன்று போட்டு, பேச்சு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் ஊர் முகப்புத் திண்ணை செய்த வேலை அதுதானே.

பட்டுச் சேலையும் தோல் செருப்பும் இங்கேயே இருக்கட்டும், பூசணத்துக்குத்தான் உதவும். கண்டாங்கி போதும், காய்வதும் சீக்கிரம்.

கடைசியாக மலேரியா. அங்கே முக்கியமான இரண்டு வகையும், ஃபால்சிபாரமும் வைவாக்ஸும், உண்டு. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை கேளுங்கள். குழந்தைக்குத் திட்டம் இருந்தால் மகள் அதையும் சொல்லியாக வேண்டும். மருந்து தோய்த்த கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும், துவைத்தால் நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் மருந்து போய்விடும். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. வைவாக்ஸ் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் திரும்ப வரும். விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது காய்ச்சல் அடித்தால், எங்கிருந்து வந்திருக்கிறார்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.