டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்: சொகுசு கார் கேள்வி பதில்

வணக்கம். கிண்டியில் பத்தொன்பது வருடமாக கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் ஜெர்மன் வண்டிகள். திரை, சென்சார், வயரிங், பேட்டரி பற்றிக் கேளுங்கள். இன்ஜின், பெயின்ட் என் வேலை இல்லை.

அண்ணா நகரிலிருந்து: முதல் முறையாக சொகுசு கார் வாங்கப் போகிறோம், சார். மூன்று ஷோரூம் ஏறி இறங்கியாச்சு. எல்லாவற்றிலும் டேஷ்போர்டு முழுக்கத் திரைதான். எதை வைத்து முடிவு செய்வது?

ஷோரூமில் அவர்கள் திரையைக் காட்டும்போது வண்டி நின்றுகொண்டிருக்கும், அதனால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். நீங்கள் டிரைவர் சீட்டில் ஏறி, எதிரே இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே மூன்று வேலை செய்யுங்கள்: ஏ.சி. காற்றைக் கூட்டுங்கள், முன் கண்ணாடியில் படியும் பனியை விரட்டும் டிஃபாகரைப் போடுங்கள், பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். கண் கீழே போகாமல் மூன்றையும் செய்ய முடிந்தால் அது ஓட்டுபவரை நினைத்துச் செய்த கார். நவம்பர் மழையில் பாடி மேம்பாலத்தில் கண்ணாடி ஒரே நொடியில் வெள்ளையாகும்போது மெனுவுக்குள் போய்த் தேட நேரம் இருக்காது.

ஸ்வீடனில் 'வி பிலாகரே' என்ற கார் பத்திரிகை 2022-இல் இதை அளந்தே காட்டியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலை, ரேடியோ மாதிரி நான்கு சின்ன வேலைகள் செய்ய வேண்டும். பட்டன்கள் வைத்த 2005 மாடல் வால்வோவில் 10 நொடி ஆனது. திரையை நம்பிய ஒரு புது எலக்ட்ரிக் காரில் கிட்டத்தட்ட 45 நொடி. அந்த வேகத்தில் 45 நொடி என்றால் ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல்.

என்னிடம் வந்த வண்டி ஒன்றைச் சொல்கிறேன், பிராண்ட் வேண்டாம். கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி, கத்திப்பாரா பாலத்துக்குக் கீழே ஓரங்கட்டி நின்றிருந்தது. பெரிய திரை கறுப்பாகிவிட்டது. ஏ.சி. பொத்தான் எல்லாம் அந்தத் திரைக்குள், அதனால் காற்றும் இல்லை. பின் சீட்டில் எழுபது வயதுப் பெரியவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். சாஃப்ட்வேரை ரீசெட் செய்ததும் பத்து நிமிடத்தில் திரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பத்து நிமிடம் அவர் முகம் இருந்த நிலை எனக்கு மறக்கவில்லை. ஏ.சி.க்கு மட்டுமாவது தனி பட்டன் இருக்கிற வண்டியைப் பாருங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து: அண்ணா, புது வண்டியில் டேஷ்கேம் போட வேண்டும். ஜி.பி. ரோட்டில் அரை மணி நேரத்தில் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள்.

போடலாம் தம்பி, ஆனால் வயரை வெட்ட விடாதீர்கள். இந்த வண்டிகளில் கதவு, விளக்கு, ஏ.சி. என்று ஒவ்வொன்றையும் இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு, அதுதான் கன்ட்ரோல் யூனிட். ஒவ்வொரு யூனிட்டும் மற்றதோடு மெல்லிய இரட்டை வயரில் பேசிக்கொண்டே இருக்கும். வண்டியைப் பூட்டியதும் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். தப்பான வயரில் கேமராவைக் கோத்தால் ஏதோ ஒரு யூனிட் தூங்காது, நான்கு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். வாரன்டி தகராறு தனி. ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஃபியூஸ் டேப் (வயரை வெட்டாமல் ஃபியூஸ் இடத்தில் செருகிக் கரண்ட் எடுக்கும் இணைப்பு) வைத்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் யூ.எஸ்.பி. போதும்.

வேளச்சேரியிலிருந்து: பார்க்கிங்கில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வது?

ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பல சொகுசு கார்களில் கன்ட்ரோல் யூனிட் சீட்டுக்கு அடியிலோ கார்ப்பெட்டுக்குக் கீழேயோதான் இருக்கிறது, அதனால் முழங்கால் அளவுத் தண்ணீரே பெரிய செலவு வைக்கும். டோ வண்டி வைத்து இழுத்துப்போகச் சொல்லுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் என்னிடம் வந்தவர்களில் நிறையப் பேர் 'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம்' என்றுதான் சொன்னார்கள்.

மயிலாப்பூரிலிருந்து: நாங்கள் பின் சீட்டில்தான் உட்காருவோம். டிரைவர் அண்ணன் எட்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். இவ்வளவு டெக்னாலஜி அவருக்குத் தேவையா?

நல்ல கேள்விம்மா, யாரும் கேட்காத கேள்வி. இந்த ஊரில் இந்த விலை வண்டிகளில் பாதியை ஓட்டுபவர் வாங்கியவர் இல்லை. அவரை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். அரை மணி நேரம் அவர் கையில் வண்டியைக் கொடுங்கள். வெயிலில் நின்ற சீட் சீக்கிரம் குளிர்கிறதா, ரிவர்ஸ் கேமரா மழையில் தெரிகிறதா, ஹாரன் கைக்கு எட்டுகிறதா என்று அவர் பார்ப்பார். பின் சீட்டிலிருந்து அதெல்லாம் தெரியாது.

ஓ.எம்.ஆரிலிருந்து: இது பழைய காலத்துப் பேச்சு சார். வாய்ஸ் கமாண்ட் வந்தாச்சு. டிரைவர்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பணம் கொடுப்பது ஓனர்.

பணம் ஓனருடையது, உயிர் வண்டியில் இருக்கும் எல்லாருடையதும்.

கற்றுக்கொள்ள முடியாது என்று நான் சொல்லவில்லை. 2001-இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் ஐ-டிரைவ் என்று ஒற்றைத் திருகு குமிழ் வைத்தபோது உலகமே திட்டியது. ஆனால் பழகியபின் கை தானாகப் போய் அதில் நிற்கும், ஏனென்றால் அது ஒரு பொருள், தடவினால் தெரியும். வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்கு எந்த அடையாளமும் இல்லை, எத்தனை வருடம் பழகினாலும் கண்தான் போக வேண்டும். வாய்ஸ் கமாண்டை நான் தினமும் சோதிக்கிறேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து, பக்கத்தில் பஸ் ஹாரன் அடிக்க, பின்னால் குழந்தை அழ, 'ஏ.சி. கொஞ்சம் குறை' என்று சொல்லிப் பாருங்கள்.

மறுபடி ஓ.எம்.ஆர்: அப்படியென்றால் கம்பெனிகள் ஏன் திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போகின்றன?

ஒரே திரையில் எல்லாவற்றையும் அடைத்தால் இருபது பட்டனும் அதன் வயரும் மிச்சம். ஷோரூமில் கண்ணைப் பறிக்கும், மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ்.ஸில் 56 இன்ச் அகலத்துக்குக் கண்ணாடிதான். ஆனால் காற்று திரும்புகிறது சார். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்டு விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. ஃபோக்ஸ்வாகன் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்துவிட்டது. நான் சொன்னால் பழைய பேச்சு, சரி, இவர்களும் அப்படியா?

நுங்கம்பாக்கத்திலிருந்து: மாதச் சந்தா கட்டினால்தான் சில வசதிகள் என்கிறார்களே?

பி.எம்.டபிள்யூ சில நாடுகளில் சீட் ஹீட்டருக்கே சந்தா கேட்டு, எதிர்ப்பு வந்தபின் 2023-இல் கைவிட்டது. வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு இரண்டாம் முறை காசு கொடுக்க யாருக்கும் மனம் வராது. எது எத்தனை வருடம் இலவசம், அப்புறம் என்ன நின்றுபோகும் என்று எழுத்தில் வாங்குங்கள். நமக்குக் காற்று வரும் சீட்தான் முக்கியம், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரம்பூரிலிருந்து: டேஷ்கேம் எங்கே போடுவது?

மேலே சொல்லியிருக்கிறேன். வயரை வெட்டாதீர்கள்.

திருவான்மியூரிலிருந்து: தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி நம்ம ட்ராஃபிக்குக்கு ஒத்துவருமா? பைக் குறுக்கே வந்தாலே கத்துகிறது.

கோட்டை விட்டு வண்டி விலகினால் ஸ்டீயரிங்கைத் திருப்பும் லேன் அசிஸ்ட்டை ஊருக்குள் அணைத்து வையுங்கள். மோதல் எச்சரிக்கையின் உணர்திறனைக் குறையுங்கள். அவசரப் பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள், ஈ.சி.ஆரில் இரவில் அது ஒரு தடவை உதவினாலே போதும். முன் கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவைக் காலிபரேட் செய்தே, அதாவது சரியாகப் பார்க்கும்படி அளவு சரிசெய்தே ஆக வேண்டும், இதைத்தான் வெளிக் கடைகளில் விட்டுவிடுகிறார்கள்.

ஆவடியிலிருந்து: எது நல்ல மைலேஜ்?

என் வேலை இல்லை.

குரோம்பேட்டையிலிருந்து: கூடுதல் ஹாரனுக்கு வயர் எங்கிருந்து எடுப்பது?

மூன்றாவது முறை சொல்கிறேன், வயரை வெட்டாதீர்கள். ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வைத்துக் கோக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மறுபடி மயிலாப்பூர்: டிரைவர் அண்ணனைக் கூட்டிப்போனோம். மூன்று வண்டியிலும் கண்ணை மூடிக்கொண்டு ஏ.சி. குமிழைத் தேடிப் பார்த்தார். ஒன்றில்தான் கிடைத்தது. பெரிய திரை வைத்த வண்டி வேண்டாம் என்கிறார்.

அந்த ஒன்றை ராத்திரி ஏழு மணிக்கு மேல் மறுபடி எடுத்துப் பாருங்கள்ம்மா. திரை வெளிச்சம் முன் கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா, ஒரே பட்டனில் மங்க வைக்க முடிகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.