நாலு நாளாகியும் பருந்து கையில் தின்னவில்லை: எடையை இன்னும் குறைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். வேட்டைப் பறவை பழக்குவதற்கான பயிற்சி நிலை உரிமம் வாங்கி, நான்கு நாளுக்கு முன் இந்த ஆண்டு பிறந்த செவ்வால் பருந்து ஒன்றைப் பிடித்தேன். பிடித்த அன்று 1,240 கிராம், இன்று காலை 1,175. கையுறையில் ஏற்றினால் ஓயாமல் பாய்கிறது. கறியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் ஸ்பான்சர் (என் பயிற்சியை மேற்பார்க்கும் அனுபவசாலி) மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறார். “எடை இறங்கினால் தானாகத் தின்னும்” என்கிறார். எவ்வளவு வரை இறக்கலாம்? இரவெல்லாம் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டுமா?

பதில்: இறங்கியிருப்பது 65 கிராம், ஐந்து சதவீதத்துக்குச் சற்று அதிகம். பயப்படும் அளவு இல்லை. அதுவும் முழுக்கக் கொழுப்போ சதையோ அல்ல. பிடிபட்ட அன்று அதன் கழுத்தடித் தீனிப்பை புடைத்திருந்ததா? அப்படியானால் முதல் எடையில் வயிற்றுக்குப் போகாத இரையும் சேர்ந்திருக்கும். அன்று கால்வார் இல்லாமல் நிறுத்துவிட்டு இன்று வாரும் மணியும் சேர்த்து நிறுத்தீர்களா என்பதையும் யோசியுங்கள்; அப்படியானால் உண்மையில் இறங்கியது 65-ஐ விட அதிகம். இனி தினமும் ஒரே நேரத்தில், ஒரே சாமான்களோடு, தீனிப்பை காலியாக இருக்கும்போது நிறுங்கள்.

ஸ்பான்சர் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. பசி வேண்டும்தான். ஆனால் உங்கள் பருந்து தின்னாததற்குக் காரணம் பசி போதாமை இல்லை, பயம். பயந்த பறவைக்கு எதிரில் கறி இருப்பதே கண்ணில் படாது. எடையை இறக்கிக்கொண்டே போனால் ஒரு நாள் தின்னும், உண்மைதான். ஆனால் அது பழகித் தின்பதாக இருக்காது, வேறு வழியில்லாமல் தின்பதாக இருக்கும். அந்த நிலைக்கும் நோய்க்கும் இடையில் அதிக இடைவெளி கிடையாது.

ஆகவே இன்று மாலை தராசை மறந்துவிட்டு அறையைக் கவனியுங்கள். சின்ன அறை, மங்கலான ஒரு விளக்கு போதும். நாய், குழந்தை, ஆள் நடமாட்டம் எதுவும் வேண்டாம். கண்மறைக்கும் தோல் தொப்பியோடு பருந்தைக் கையில் ஏற்றிக்கொண்டு உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். பத்து நிமிடம் சும்மா இருந்தபின் தொப்பியைக் கழற்றுங்கள். அப்புறம் அதன் முகத்தைப் பார்க்கவே கூடாது. நேர்க்குநேர் முறைத்துப் பார்ப்பது, அதைப் பொறுத்தவரை, பாயப்போகிற விலங்கு செய்கிற வேலை. டிவியில் எதையாவது ஓட விட்டு நீங்கள் அதைப் பாருங்கள். பேசாதீர்கள்.

பாயும். கையிலிருந்து குதித்துத் தலைகீழாகத் தொங்கிச் சிறகடிப்பதற்கு இந்தத் துறையில் ‘பேட்டிங்’ என்று பெயர் (கிரிக்கெட் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை). அப்போது கையை உதறாமல், வாரைப் பிடித்துத் தூக்காமல், மறு கையின் உள்ளங்கையை அதன் நெஞ்சுக்கடியில் கொடுத்து மெதுவாக மேலே ஏற்றுங்கள். இருபது தடவை பாய்ந்தாலும் இருபது தடவையும் இப்படியேதான். வால் இறகுகளை ஈரம் பட்டால் கழன்றுவிடும் பசைக் காகித நாடாவால் சேர்த்து உறை போல ஒட்டிவிட்டீர்களா? என் முதல் பறவைக்கு அதை ஒட்டச் சோம்பல்பட்டேன். ஒரே வாரத்தில் வாலில் நாலு இறகு முறிந்தது. உடைந்த இறகு அடுத்த இறகு உதிர்காலம் வரை அப்படியேதான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் உடம்போடு ஒட்டி இறுகியிருந்த இறகுகள் தளரும். திறந்திருந்த அலகு மூடும். ஒரு கட்டத்தில் உடம்பு முழுவதையும் சிலிர்த்து உதறும். அந்த உதறலுக்குத்தான் காத்திருக்கிறோம். இப்போது தோலுரித்த காடை அல்லது முயல் தொடை ஒன்றைக் கையுறையில் அதன் காலுக்கடியில் வையுங்கள். கறியின் நுனியால் விரல்களை லேசாக உரசுங்கள். எரிச்சலில் குனிந்து கடிக்கும். அலகில் ஒரு துணுக்கு மாட்டும், ரத்தச் சுவை தெரியும். உடனே விழுங்கிவிடாது. நாக்கால் தள்ளிப் பார்க்கும், தலையை நிமிர்த்தி உங்களை நோட்டம் விடும், மறுபடி குனியும். இந்த இடத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள்: மகிழ்ச்சியில் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். மூச்சைக்கூட ஒரே சீராக விடுங்கள். இன்று ஒரு துணுக்கோடு நின்றாலும் சரி. பிடித்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தால் ஒரு 40 கிராம் வரை தின்ன விடுங்கள். தின்றபின் அலகைக் கையுறையில் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்தால் பெரிய காரியம் முடிந்தது.

இரவெல்லாம் விழிப்பது பழைய முறை. பறவையும் ஆளும் சேர்ந்து களைத்துப்போவதைத் தவிர அதில் நான் பெரிதாக எதையும் கண்டதில்லை. மாலையில் இரண்டு மூன்று மணி நேரம், காலையில் ஒரு மணி நேரம் போதும். மற்ற நேரத்தில் வில் வடிவ இருக்கையில் கட்டி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். கம்பி வலை அடித்த அறையில் அவிழ்த்து விடாதீர்கள்; மோதி மூக்கையும் இறகையும் கிழித்துக்கொள்ளும்.

சரி, எல்லை எது? எண்ணை விட விரலை நம்புங்கள். நெஞ்செலும்பின் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். சதை மேடாக இருந்தால் கவலையில்லை. எலும்பு கத்தி முனை போல் துருத்தினால் இறங்கிப்போய்விட்டது. எச்சம் வெள்ளையாக, நடுவில் கருப்பாக இருக்க வேண்டும். தின்னாமல் இருக்கும் பறவைக்குச் சிறிது பச்சை கலப்பது இயல்பு. முழுக்கப் பளிச்சென்ற பச்சையாக வருவது நல்லதல்ல. இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதிலும் இரண்டு வகை உண்டு. கண் வட்டமாக, விழிப்பாக இருந்தால் நிம்மதி. கண் இடுங்கி, பகலில் தூங்கி வழிந்து, பாயவும் தெம்பில்லாமல் இருந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, வேட்டைப் பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். இந்த அறிகுறி எதுவுமே இல்லாவிட்டாலும், 1,115 வாக்கில் வந்தும் தின்னவில்லை என்றால் ஸ்பான்சர் நேரில் வந்து பார்த்தாக வேண்டும், போன் போதாது. இந்தக் கணக்கைச் சின்னப் பறவைகளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். 110 கிராம் எடையுள்ள கெஸ்ட்ரலுக்குச் சில கிராம் குறைவதே ஆபத்து.

துப்பாக்கியால் சுட்ட இரையைக் கொடுக்க வேண்டாம், ஈயத் துகள் விஷம். புறாக் கறியும் வேண்டாம், வாயில் வெள்ளைப் படலம் கட்டும் தொற்று அதிலிருந்து வரும்.

கையில் பயமில்லாமல் தின்ன ஆரம்பித்தபின் மற்றவை வேகமாக நகரும். ஒவ்வொரு துணுக்குக்கும் விசில், இருக்கையிலிருந்து கைக்கு ஒரு எட்டு, பிறகு ஒரு தாவல், பிறகு கிரியன்ஸ் எனும் மெல்லிய நீளக் கயிற்றில் 30 மீட்டர் வரை. கூப்பிட்டவுடன் தயங்காமல் முழு நீளமும் பல நாள் தொடர்ந்து வரும் வரை கயிற்றை அவிழ்க்காதீர்கள். அவிழ்க்கும் நாளில், பறவை இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டர் அதன் மேல் கட்டாயம்.

பறவையைப் பிடித்ததை அரசுக்குத் தெரிவிக்கும் 3-186ஏ படிவத்தைப் பிடித்த 10 நாளுக்குள் பதிய வேண்டும், நாலு நாள் போய்விட்டது. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பதில் உங்களுக்கானதல்ல. அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பருந்தைப் பிடிப்பதே குற்றம்.