சுருக்குவதற்கு முன்பே மதிப்பகத்தை எழுதிவிடு

கேள்வி: எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² + 1, ஜி(எக்ஸ்) = √(எக்ஸ் − 3). எஃப்(ஜி(எக்ஸ்)) என்ற சேர்ப்பின் (ஜியின் விடையை எஃப்பில் போடுவது) மதிப்பகம், அதாவது அதில் போடக்கூடிய எக்ஸ் மதிப்புகள், என்ன என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். சுருக்கினால் எக்ஸ் − 2 வந்தது. அதில் எந்த எண்ணையும் போடலாமே என்று "எல்லா மெய்யெண்களும்" என எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள். ஏன்?
— பிளஸ் ஒன் மாணவி, உசிலம்பட்டி

பதில்: நீ சுருக்கியது சரிதான் அம்மா. அதற்கு அடுத்த அடியில்தான் சறுக்கல்.

எக்ஸ் = 2 என்று வைத்துப் பார். எக்ஸ் − 2 என்பதில் போட்டால் 0 வந்துவிடுகிறது. ஆனால் கணக்கு சொல்லும் வழி அதுவல்ல. எஃப் முன்னால் எழுதப்பட்டிருந்தாலும் முதலில் வேலை செய்வது ஜி. ஜி(2) = √(−1). அது மெய்யெண்ணே அல்ல. எஃப்புக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லாமல் கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆக, எக்ஸ் 3 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்: [3, ∞). வர்க்கப்படுத்தியதும் மூலக்குறி மறைந்தது; அது போட்ட கட்டுப்பாடு மறையவில்லை.

உன் ஊரிலிருந்து மேலூர் போவதை நினைத்துக்கொள். உசிலம்பட்டி பஸ் உன்னை மதுரையில் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். மேலூர் பஸ் கிளம்புவதோ மாட்டுத்தாவணியில். முதல் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். அது இறக்கிவிடும் இடம் அடுத்த பஸ் கிளம்பும் இடமாகவும் இருக்க வேண்டும். சேர்ப்பிலும் இதே இரண்டு சோதனைதான். எக்ஸ், ஜியின் மதிப்பகத்தில் இருக்கிறதா? ஜி(எக்ஸ்), எஃப்பின் மதிப்பகத்தில் இருக்கிறதா? இரண்டிலும் தேறும் எண்களே விடை.

பத்தாம் வகுப்பில் இந்தத் தொல்லை உனக்கு வந்திருக்காது. அங்கே ஒரு சார்பு அ என்ற கணத்திலிருந்து ஆ-வுக்கு, அடுத்தது ஆ-விலிருந்து இ-க்கு என்று பொருந்தும்படியே கொடுத்துவிடுவார்கள். இப்போது பொருத்தம் பார்ப்பது உன் பொறுப்பு.

உன் கணக்கையே திருப்பிப் போட்டால் ஜி(எஃப்(எக்ஸ்)) = √(எக்ஸ்² − 2). இங்கே முதல் சோதனை யாரையும் தடுக்காது, எஃப் எந்த எண்ணையும் ஏற்கும். தடுப்பது இரண்டாவது: எக்ஸ்² + 1 குறைந்தது 3 ஆக இருக்க வேண்டும். அதனால் எக்ஸ் ≥ √2 அல்லது எக்ஸ் ≤ −√2. குறை எண் பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்கோடு வரைந்தால் விடமாட்டாய்.

பின்னம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். எஃப்(எக்ஸ்) = 6/(எக்ஸ் − 1), ஜி(எக்ஸ்) = 4/எக்ஸ். எஃப்(ஜி(எக்ஸ்))-ஐச் சுருக்கினால் 6எக்ஸ்/(4 − எக்ஸ்). இதைப் பார்த்து 4-ஐ மட்டும் விலக்கினால் அரை விடைதான். ஜியின் பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, எக்ஸ் இருக்கிறதே, 0-வும் கூடாது. இன்னொரு தவறும் அடிக்கடி பார்க்கிறேன்: எஃப்புக்கு 1 ஆகாது என்பதால் எக்ஸ் = 1-ஐ விலக்கிவிடுவது. ஜி(1) = 4, எஃப்(4) = 2; ஒரு குறையும் இல்லை. எஃப்புக்கு ஆகாத 1, ஜியிலிருந்து வெளிவரக் கூடாது என்பதே நிபந்தனை. 4/எக்ஸ் = 1 ஆவது எக்ஸ் = 4-இல்; 4 விலக்கப்பட்டது அதனால்தான்.

பரீட்சையில் சுருக்கத் தொடங்கும் முன்பே இரண்டு நிபந்தனைகளையும் இரண்டு வரியில் எழுதிவிடு. சுருக்கிய பிறகு தேடினால் ஜியின் தடயமே இருக்காது.

இதை நீயே போட்டுப் பார்: எஃப்(எக்ஸ்) = √(5 − எக்ஸ்), ஜி(எக்ஸ்) = √எக்ஸ். எஃப்(ஜி(எக்ஸ்))-இன் மதிப்பகம் [0, 25] என்று வர வேண்டும். [0, 5] என்று வந்தால், ஜி(எக்ஸ்)-க்கு வைக்க வேண்டிய நிபந்தனையை எக்ஸுக்கு வைத்திருப்பாய். √எக்ஸ் ≤ 5 என்று எழுதி அங்கிருந்து மறுபடி தொடங்கு.