முதல் கூட்டத்துக்கு எப்படிப் போவது? குடிநோய் பற்றிய வாசகர் கேள்விகள்

என் கணவர் முதல்முறையாக "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். எங்கே நடக்கிறது, எவ்வளவு கட்டணம் என்று தெரியவில்லை. (வாசகி, பெரம்பூர்)

அவர் வாயிலிருந்தே அது வந்ததே, பெரிய விஷயம் அம்மா. அந்தச் சூடு ஆறுவதற்குள் போன் பண்ணிவிடுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு. அதன் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கும். போனை எடுப்பவரும் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகவே இருப்பார். அதனால் தயங்காமல் பேசச் சொல்லுங்கள். அவரே பேசினால் ரொம்ப நல்லது. மூன்று விஷயம் கேட்க வேண்டும்: வீட்டுக்குப் பக்கத்தில் தமிழில் பேசும் குழு எது, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்த கூட்டத்துக்கு நீங்களும் கூடப் போகலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். பள்ளி வகுப்பறை, சர்ச் ஹால் என்று கிடைத்த இடத்தில் நடப்பதால் இடமும் நேரமும் மாறக்கூடும். கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முதல் நாள் அழைத்துப் போக யாராவது வர முடியுமா என்றும் கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கட்டணம் கிடையாது. கூட்டத்தில் காணிக்கை சேர்ப்பார்கள், விருப்பம் இருந்தால் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது இது. தனியாக நிறுத்தி நிறுத்தித் தோற்றவர்கள் இருவரும். ஒரு குடிநோயாளி சொன்னால்தான் இன்னொரு குடிநோயாளிக்கு உறைக்கும் என்று கண்டுகொண்டார்கள். இன்றும் கூட்டத்தில் நடப்பது அதுதான்.

நான் அரசு ஊழியர். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? (தாம்பரம்)

அமைப்பின் பெயரில் உள்ள 'அனானிமஸ்' (பெயர் வெளியிடாதவர்) உங்களுக்காகத்தான். ஊர், வேலை, முழுப்பெயர் எதுவும் சொல்ல வேண்டாம். அங்கே தெரிந்த முகத்தைப் பார்த்தாலும், அவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருப்பார்? அப்படியும் கூச்சமாக இருந்தால் மின்சார ரயில் ஏறி மாம்பலம் பக்கம் உள்ள ஒரு குழுவுக்குப் போங்கள்.

ஒரு திறந்த கூட்டத்தில் நான் பார்த்ததை, சம்பந்தப்பட்டவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். வாசலில் பைக்கை நிறுத்திய ஒருவர் அரைமணி நேரமாக ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளேயிருந்து வந்த பெரியவர் பெயர்கூடக் கேட்காமல், "டீ ஆறிடும் சார், வாங்க" என்று மட்டும் சொன்னார். ஹெல்மெட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தன் மகளின் பள்ளிக்கட்டணத்தை எடுத்துக் குடித்ததைப் பற்றி ஒருவர் முன்னால் நின்று பேச ஆரம்பித்தபோது மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, யாரும் பேசச் சொல்லவும் இல்லை.

அண்ணன் முந்தாநாள் சட்டென்று நிறுத்திவிட்டார். கை நடுங்குகிறது. சுவரைப் பார்த்துப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அழைத்துப் போகலாமா? (வியாசர்பாடி)

ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். இப்போதே 108-க்கு அடியுங்கள். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து இல்லாத உருவங்கள் தெரியலாம், இடம் நேரம் குழம்பலாம், காய்ச்சல், வியர்வை வரலாம். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. பேயோட்டவோ கட்டிப்போடவோ வேண்டாம். எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உடல் தேறட்டும், பிறகு கூட்டம். தொடர் சிகிச்சைக்கு கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. வழிகாட்டுதலுக்கு 14446 என்ற இலவச எண் உண்டு.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே? (வாசகி, அம்பத்தூர்)

கொடுக்காதீர்கள். டைசல்பிரம் என்ற மருந்தைத்தான் சொல்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளே போய்விடலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். குடிப்பவர் தெரிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனால் இந்த வழி வேண்டாம்.

சர்ச் ஹாலில் நடக்கிறது என்கிறார்கள். மதம் மாற்றுவார்களா?

மாட்டார்கள். இடம்தான் சர்ச்சுடையது. கடவுளைப் பற்றிப் பேச்சு வரும். அது எந்தக் கடவுள் என்பதை அவரவரிடமே விட்டுவிடுவார்கள்.

மூன்று கூட்டம் போனார், மறுபடி குடித்துவிட்டார். இனி போகமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய? (வாசகி, அயனாவரம்)

குடித்த பிறகும் போகலாம் என்று அவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். அங்கே திட்ட மாட்டார்கள், அங்கே பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான். ஒருமுறை சொன்னால் போதும், தினம் சொல்லாதீர்கள். பாட்டிலைத் தேடிக் கொட்டுவது, ஆபீசுக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று சொல்வது, கடன்காரருக்குப் பதில் சொல்வது, இதையெல்லாம் நிறுத்துங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருக்கிறது, 1951-லிருந்து. அதற்கு அவர் வர வேண்டியதில்லை, அவர் அனுமதியும் தேவையில்லை. இந்த வாரமே ஒரு கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். அழுகை வந்தால் அழலாம். பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்.