செராமிக் அடுப்பில் தோசைக்கல்

லண்டன் வாடகை வீட்டின் செராமிக் அடுப்பில் (கண்ணாடி மேல்தட்டு உள்ள மின்னடுப்பு), ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல் நடுவில் கருகுகிறது, ஓரம் வேகவில்லை, கண்ணாடியிலும் கோடுகள் என்று கேட்டிருந்தீர்கள். குற்றம் உங்கள் மாவில் இல்லை!

கல்லைக் கவிழ்த்து, அடியில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி புடைத்திருந்தால் அந்த இடம் மட்டுமே கண்ணாடியைத் தொடும்; அதை எரிவாயு அடுப்புக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அடி தட்டையாக, சூட்டு வளையத்தின் அகலமே உள்ள கல்லை வாங்குங்கள். நடுத்தரச் சூட்டில் பத்து நிமிடம் பொறுமையாகக் காயவிடுங்கள். இரும்பு மெதுவாகத்தான் சூடேறும்.

கோடுகளை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கினால் கீறல், அது போகாது. சிக்காவிட்டால் பெரும்பாலும் அலுமினியச் சட்டி விட்ட சாம்பல் தடம். செராமிக் அடுப்புக்கான துப்புரவுக் களிம்பில் போய்விடும். இனி எந்தப் பாத்திரத்தையும் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன்: சர்க்கரைப் பாகு சிந்தினால் ஆறவிடாதீர்கள். அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே, கை சுடாமல், பிளேடு சுரண்டியால் எடுத்துவிடுங்கள். ஆறி இறுகினால் கண்ணாடியையே பெயர்த்துவிடும். அதிரசம் செய்த ஒரு தீபாவளியில் நான் கற்ற பாடம் இது.