இறந்த நண்பனின் நினைவாக ஐரோப்பாவில் தனியாகக் கார் ஓட்டிப் போகலாமா?

சேர்ந்து போவதாகத் திட்டமிட்டிருந்த நண்பர் இறந்துவிட்டார், அதே வழியில் தனியாகக் காரில் போய்வர நினைக்கிறேன், இது பைத்தியக்காரத்தனமா, நடுவழியில் உடைந்துபோய் உட்கார்ந்துவிடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் இறந்துபோன என் நண்பன் போட்டுவைத்த வழியில் 2023 செப்டம்பரில் தனியாகப் போய்வந்தேன். 11 நாள். உடைந்துபோகத்தான் செய்தேன். ஆனால் மலை உச்சியிலோ ஏரிக்கரையிலோ அல்ல. பிரான்சில் ஒரு சுங்கச் சாவடியில்.

நான் இருப்பது இங்கிலாந்தில். என் காருக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயில் பெட்டிக்குள் ஏறினால் 35 நிமிடத்தில் கடலுக்கு அடியில் புகுந்து பிரான்சின் கலேயில் இறக்கிவிடுவார்கள். இறங்கிய நொடியிலிருந்து சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அதுகூடப் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான்: அந்த ஊர்ச் சாவடியில் டிக்கெட் தரும் இயந்திரம் காரின் இடப்பக்கம் இருக்கிறது. அதாவது நம் காரில் பக்கத்து இருக்கைக்காரர் உட்காரும் பக்கம். முன்பு நாங்கள் இருவரும் நார்மண்டி போனபோது அவன்தான் கண்ணாடியை இறக்கி, கையை நீட்டி, டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, அந்த இயந்திரத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் “மெர்ஸி” என்பான். இயந்திரத்துக்கு எதற்கடா நன்றி என்றால், “அதுவாவது வேலை செய்கிறதே” என்பான். நான் ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாதவன் என்பது அவனுடைய நிரந்தரக் குற்றச்சாட்டு.

இந்த முறை கலேயிலிருந்து ரெய்ம்ஸ் போகும் ஏ26 சாலையில் முதல் சாவடி வந்தது. சீட் பெல்ட்டைக் கழற்றினேன். காலி இருக்கையின் மேல் படுத்த மாதிரி சாய்ந்து கையை நீட்டினேன். எட்டவில்லை, ஒரு சாண் இடைவெளி. பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தார். இறங்கி, காரின் முன்பக்கமாகச் சுற்றி ஓடி, டிக்கெட்டைப் பிடுங்கி, மறுபடி சுற்றி ஓடி ஏறினேன். தடுப்பு உயர்ந்தது. அடுத்த ஓய்விடம் வரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. அங்கே காரை நிறுத்திவிட்டு அழுதேன். பத்து மாதமாக வராத அழுகை, டிக்கெட் எடுக்க ஆள் இல்லை என்பதற்காக வந்தது.

ஆகவே முதல் உதவிக் குறிப்பு: சுங்கச் சாவடியில் தானாகவே தடுப்பைத் திறக்கும் மின்னணுக் கருவி கிடைக்கிறது. முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் கையை நீட்டவே வேண்டாம். முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கியிருந்தால் இந்தப் பதிலை எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

அவனைப் பற்றிக் கொஞ்சம். 20 வருடப் பழக்கம். காசு விஷயத்தில் கெட்டி. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் லிட்டர், விலை, ஓடிய மைல் மூன்றையும் சின்ன நோட்டில் எழுதுவான். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. கணையப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபின் இருந்தது நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் ஒரு காகித வரைபடத்தை வாங்கி, ஆல்ப்ஸ் மலை வழியாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டான். கோட்டின் முடிவில் ஸ்டெல்வியோ கணவாய். அதைத் தாண்டி, இத்தாலியின் ஓரத்தில், லிவின்யோ என்ற ஊரைச் சுற்றி ஒரு வட்டம். என்ன இருக்கிறது அங்கே என்று கேட்டேன். “போகும்போது பார்த்துக்கொள்” என்றான். கோடு எனக்குப் புரிந்தது, வட்டம் புரியவில்லை. இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வேண்டுமென்றே தேடவில்லை. அவன் எனக்கு மிச்சம் வைத்த கடைசிக் கேள்வி அது.

அஸ்தியைக் கொண்டுபோகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நான் கொண்டுபோகவில்லை. பல நாட்டு எல்லைகளைத் தாண்டும்போது அதற்கென்று தாள்கள் வேண்டும், நாட்டுக்கு நாடு விதி மாறும். வரைபடத்தை மட்டும் பக்கத்து இருக்கையில் வைத்து, பறக்காமல் சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

முதல் நாள் பெத்யூன் பக்கம் சாலையை விட்டு விலகி, நெவ் ஷாப்பெல் என்ற ஊரில் இருக்கும் இந்தியப் போர் நினைவிடத்துக்குப் போனேன். இது அவன் கோட்டில் இல்லை, என் விருப்பம். முதல் உலகப் போரில் பிரான்சில் இறந்து, உடல் எங்கே என்று தெரியாத இந்தியச் சிப்பாய்களும் தொழிலாளர்களுமாக 4,700 பேருக்கு மேல் அங்கே வட்டச் சுவரில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1927-ல் திறந்தது. நடுவில் ஓர் உயரமான தூண், அடியில் இரண்டு கல் புலிகள். சுற்றிலும் வயல். நான் போன நேரம் வேறு யாரும் இல்லை. நண்பனுக்குக் கல்லறை கிடையாது, எரித்தாகிவிட்டது. பெயரை விரலால் தடவிப் பார்க்க ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமோ என்று அரை மணி நேரம் அங்கே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு பசித்தது.

ரெய்ம்ஸ், கோல்மார், பாசல் எல்லாம் நெடுஞ்சாலைதான், சொல்ல ஒன்றுமில்லை. பிரான்சில் நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. சுவிட்சர்லாந்தில் 120, ஊருக்கு வெளியே 80, ஊருக்குள் 50. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். அங்கே நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கான கட்டண ஸ்டிக்கர் 40 ஃபிராங்க், ஒரு வருடத்துக்கானது மட்டும்தான் உண்டு, நீங்கள் ஒரு நாள் ஓட்டினாலும் அதே காசு. இங்கிலாந்துக் கார் என்றால் முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் திருப்பிவிடவும் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா போதும், சுவிட்சர்லாந்தும் அதில் அடக்கம். அவசரத்துக்கு எல்லா நாட்டிலும் 112.

தனியாக ஓட்டுகிறவர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். இருவராகப் போனால் எட்டு மணி நேரம் தாங்கும், பேச்சு இழுத்துக்கொண்டு போகும். தனியாக இருக்கும்போது மூன்றாவது மணி நேரத்திலேயே மனம் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்விடுகிறது. வலப்பக்க ஸ்டீயரிங்கில் இன்னொரு தொல்லை, முன்னால் லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்று நமக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் தலையை நீட்டிப் பார்த்து “போகலாம்” என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லாததால் ஒரு மாட்டுத் தீவன டிராக்டருக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஊர்ந்தேன். அதில் ஒரு நன்மை, அந்தப் பள்ளத்தாக்கை நன்றாகப் பார்த்தேன்.

சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட்டிலிருந்து ஓபரால்ப் கணவாய் ஏறினேன், உயரம் 2,044 மீட்டர். உச்சியில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. சிவப்பு நிறத்தில், அசல் போலவே ஒரு கலங்கரை விளக்கம். கடல் எங்கே, இது எங்கே? ரைன் நதி பிறக்குமிடம் அங்கே பக்கத்தில்தான். நதி கடலில் சேரும் ஹாலந்துக் கரையில் இருந்த விளக்கத்தைப் பார்த்து அதே மாதிரி சிறிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தபடியே இடப்பக்கம் திரும்பினேன்.

இதை நீங்கள் எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சோகமான இடங்களுக்கு மனம் முன்பே தயாராகிவிடுகிறது. வேடிக்கையான இடங்கள்தான் ஆளைச் சாய்க்கும். அழகான மலையைத் தனியாகப் பார்த்துவிடலாம். மலைமேல் கலங்கரை விளக்கத்தைத் தனியாகப் பார்ப்பது கஷ்டம்.

கூர், டாவோஸ், ஃப்ளூவேலா கணவாய், செர்னெஸ். அங்கிருந்து ஓஃபன் கணவாய். 1914-ல் ஏற்பட்ட சுவிஸ் தேசியப் பூங்காவுக்கு நடுவே போகிற சாலை அது. இந்தப் பயணத்திலேயே சிறந்த 40 நிமிடம் எது என்று கேட்டால் அதுதான். கூட்டமில்லை, பைன் மரங்கள், காய்ந்த ஊசியிலை வாசனை. ஒரு வளைவில் மூன்று சுரத்தில் ஹார்ன் கேட்டது. ரோசினியின் ‘வில்லியம் டெல்’ இசையிலிருந்து எடுத்த அந்த மூன்று சுரம் மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸுடையது. நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்த சாலைகளில் அந்த பஸ் டிரைவர் சொன்னபடி நாம் ஒதுங்க வேண்டும். பின்னால் எடுத்து ஒதுங்கினேன். டிரைவர் கையை உயர்த்தி, காலி இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த வரைபடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நாகரிகமான மனிதர்.

பிறகு ஸ்டெல்வியோ. உயரம் 2,757 மீட்டர். 1820-களில் ஆஸ்திரியப் பேரரசு போட்ட சாலை, பொறியாளர் கார்லோ டொனேகானி. பிராடோ என்ற ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த கல். கீழே 48-ல் தொடங்கி மேலே ஒன்றில் முடிகிறது. அவன் அந்த 48-ஐப் பரீட்சைக்குப் படித்தவன் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பான். அதனால் நானும் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன். 31 வரை சொன்னேன். அதற்குமேல் எண்ண நேரம் இல்லை; முன்னால் சைக்கிள், பின்னால் மோட்டார் சைக்கிள், எதிரே வளைவில் சிக்கிய ஒரு வேன். உச்சியில் நினைவுப் பொருள் கடைகள், சாஸேஜ் வாசனை, நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்று. அங்கே நின்று அவனை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று முயன்றேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் ஒருவர் என் நிழல் அவர் புகைப்படத்தில் விழுகிறது, கொஞ்சம் நகருங்கள் என்றார். நகர்ந்தேன். ஸ்டெல்வியோ ஓர் ஏமாற்றம் என்பது என் கருத்து. அவன் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டான், இரண்டு நாள் சண்டை நடந்திருக்கும். நீங்கள் போவதானால் அதிகாலையில் போங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரைதான் நம்பலாம், மற்ற மாதங்களில் பனி மூடிவிடும். கோடை முடிவில் ஒரு நாள் சைக்கிளுக்காகவே மூடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினவர்கள் ஓரத்தில் நிறுத்திப் புகை ஆற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மறுபக்கம் போர்மியோவில் தங்கி, மறுநாள் காலை ஃபோஸ்கான்யோ கணவாய் ஏறி லிவின்யோவுக்குப் போனேன். வட்டம் போட்ட ஊர். அவன் எனக்காக என்ன குறித்து வைத்திருப்பான்? ஒரு கோயிலா, ஏரியா, ஏதாவது ஒரு பெஞ்சா? மெதுவாக ஓட்டினேன். ஊர் தொடங்கியது. ஒரு பெட்ரோல் பங்க். அடுத்து இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்றாவது. விலைப் பலகையைப் பார்த்தேன்.

ஒரு காலத்தில் பனிக்காலம் வந்தால் உலகத்தோடு தொடர்பு அறுந்துபோன பள்ளத்தாக்கு என்பதால் அந்த ஊருக்கு நெடுங்காலமாக வரிவிலக்கு உண்டு. இத்தாலிக்குள் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே. வாசனைத் திரவியம், மது எல்லாம் மலிவு. எல்லாவற்றையும்விட, பெட்ரோல் மலிவு.

படுபாவி. சாகப் போகிறோம் என்று தெரிந்த மனிதன், வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்டது மலிவான பெட்ரோலுக்கு.

பங்க்கில் நின்று தனியாகச் சிரித்தேன். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு என்ன மொழியில் விளக்குவது? அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான். ரசீதின் பின்புறம் லிட்டர், விலை, ஓடிய மைல் மூன்றையும் எழுதினேன்.

அங்கிருந்து சுவிட்சர்லாந்துக்குத் திரும்ப ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது. 1960-களில் அணை கட்டுவதற்காகக் குடைந்தது. மூன்றரை கிலோமீட்டர் இருக்கும், ஒரே ஒரு தடம், விளக்கு மாறும்வரை இந்தப் பக்கக் கார்கள் காத்திருக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியை அது தின்றுவிட்டது.

ஊர் திரும்பியதும் வரைபடத்தையும் ரசீதையும் அவன் மனைவியிடம் கொடுத்தேன். வட்டத்தின் கதையைச் சொன்னேன். சுரங்கக் கட்டணத்தையும் சொன்னேன். அவள் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அவனுடைய நோட்டைக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருந்ததற்குக் கீழே மூன்று எண்களையும் எழுதச் சொன்னாள்.

“டேங்க் நிறையப் போட்டீர்களா, அண்ணா?”

“நிறையப் போட்டேன்” என்றேன்.